வெயிலில் ஏற்றிய விளக்கு

ஆவணி விடுமுறையிலே தம்புள்ளைக்கும் பொலநறுவைக்கும் ஒரு சிறு யாத்திரை போய் வந்தோம். எமது அன்னையார், மனைவியார், பதினாறு வயது மகள், பத்து வயது மகன், எமது கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர், நாம் என ஆறு பேர். ஏழாவதாக ஒரு கமராவும் வந்தது. கனடாவில் வாழும் எம் தம்பியார் அனுப்பிவைத்த டிஜிட்டல் கமரா அது. அவ்விரு தலங்களின் பழம்பெருமையைப் பற்றி அறிஞர் பலர் எழுதிவிட்டனர். நாம் எழுதப் புகுவதோ அந்தக் கமராவின் நெற்றியில் இருக்கும் சிறு கண்ணாடித் துண்டைப் பற்றியது. இருட்டிலே 'பளிச்'சென்று மின்னுகிறதே, அந்தப் பிளாஷ் விளக்கைப் பற்றியது. அதனை எப்போது ஏற்றுவது, எப்போது அணைத்து வைப்பது என்னும் பாடத்தை நாற்பத்தைந்து வயதிலே, இரண்டு நாட் பயணத்திலே, சில படங்களைப் பாழாக்கியே கற்றுக்கொண்டோம்.

இவ்வளவு கரிசனை எதற்கு என்று வாசகர் வினவலாம். எமது தந்தையார் 1993 இல் இறைவனடி சேர்ந்தார். எம் வீட்டிலே ஒரு தகரப் பெட்டி நிறையக் குடும்பப் படங்கள் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடு வாசல்களை விட்டுப் புறப்பட்ட அந்த இரவிலே, அரிசியையும் மாற்றுடைகளையும் தூக்கிக்கொண்டு நடந்தோமேயன்றிப் பெட்டியை எவரும் நினைக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. கொழும்பிலே சிற்றன்னையார் வீட்டில் இருந்த காரணத்தால் தந்தையாரின் படம் ஒன்றே ஒன்று தப்பியது. 1988 இல் ஒரு கலியாண வீட்டில் எடுத்த படம். பிடித்தவர் மிக நெருங்கி நின்று மின்னொளியைப் பாய்ச்சிவிட்டார் போலும். பின்வரிசையில் நின்றவர்கள் இருளுக்குள் அமிழ்ந்து போயினர். முன்னே நின்ற தந்தையாரின் சால்வைக் கரை தெரிகிறது, கைக்கடிகாரம் தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்திலே வெள்ளைக் கடதாசிதான் இருக்கிறது.

எம் மக்களுக்குப் பாட்டனார் என்றால் அந்த வெள்ளை வட்டந்தான். அன்னையாருக்கு இப்போது வயது 76. பயணத்துக்குச் சில நாட்களின் முன் அப்படத்தைத் துடைத்து மாட்டியவர், "எனக்கு அவற்றை முகம் தெரியும். பிள்ளையளுக்குத்தான் தெரியாது. தம்பி, என்ரை முகமும் உப்பிடிப் போகக்கூடாது" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாம் கமராவை எடுத்துத் தூசி தட்டினோம்.

அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்ட வான் ஆனையிறவை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. இரு மருங்கும் கடல்நீர் ஈயத் தகடுபோற் கிடந்தது. தூரத்திலே செங்கால் நாரைகளோ வேறெவையோ, வெண்புள்ளிகளாய் நின்றன. மகள் கண்ணாடியை இறக்காமலே கமராவை உயர்த்தி ஒரு படம் எடுத்தாள். திரையிலே கடலும் இல்லை, விடியலும் இல்லை. வான் கண்ணாடியிலே பட்டுத் திரும்பிய மின்னொளி ஒரு வெள்ளைப் பூப்போல மலர்ந்திருந்தது. நண்பர் சிரித்தார். "கமராவிலே குற்றமில்லைப் பிள்ளை. இருட்டைக் கண்டது, விளக்கை ஏற்றியது. கண்ணாடி இருக்கிறதென்றோ, கடல் ஒரு மைல் தொலைவில் இருக்கிறதென்றோ அதற்குத் தெரியாது" என்றார்.

வவுனியாவிலே தேநீர் அருந்தும்வரை அவர் பாடம் நடத்தினார் என்றே சொல்லவேண்டும். பொருளாதாரத் தடை நிலவிய 1990 களின் முற்பகுதியிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை; பற்றரி கிடைப்பது குதிரைக்கொம்பு. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறையினர் நாம். பிளாஷ் விளக்குடன் பழகும் வாய்ப்பு எமக்கு எங்கே கிடைத்தது? ஆகவே வெட்கமின்றி மாணாக்கராகி அமர்ந்தோம்.

கமராவின் பின்புறத்திலே மின்னற் குறியிட்ட ஒரு பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் ஐந்து குறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிலே தோன்றும். முதலாவது 'ஓட்டோ'. ஒளி போதாதென்று கமராவே முடிவு செய்து மின்னும். இரண்டாவது வெறும் மின்னற் குறி. வெயிலாயினும் இருளாயினும் மின்னியே தீரும். மூன்றாவது மின்னலின் மேற் கோடு கீறியது. எது நேரினும் மின்னாது. நாலாவதிலே ஒரு கண் வரைந்திருக்கும். படத்திலே கண்கள் செக்கச்செவேலென்று விழுவதைக் குறைப்பதற்கானது. ஐந்தாவது, மின்னியபின்னும் கமராவின் வாயிலைச் சற்று நேரம் திறந்துவைத்துப் பின்னணியிலுள்ள மெல்லொளியையும் வாங்கிக்கொள்வது. ஐந்து குறிகள் இருந்தும் வாங்கிய நாள் தொட்டு எம் கமரா முதற் குறியிலேயே நின்றது. உலகத்துக் கமராக்களிற் பெரும்பாலானவற்றின் தலைவிதியும் இதுவே என்றார் நண்பர்.

அவர் சொன்னவற்றுள் எம் மனத்திலே ஆழப் பதிந்தது தூரத்தைப் பற்றிய கணக்கு. விளக்கிலிருந்து விலகிச் செல்லும் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. இரண்டு மீற்றரில் நிற்பவர் பெறும் ஒளியில் நாலிலொரு பங்கே நாலு மீற்றரில் நிற்பவருக்குக் கிட்டும். எட்டு மீற்றரில் நிற்பவருக்குப் பதினாறில் ஒரு பங்கு. சிறு கமராவின் விளக்கு மூன்று நாலு மீற்றர்வரையே நன்கு பயன்படும். அப்பாற்பட்டதற்கு அது விளக்கே அன்று. தந்தையாரின் படத்திலே முன்னின்ற முகம் வெளுத்ததும் பின்னின்றோர் மறைந்ததும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. இருபது யார் தொலைவிலிருந்து தேர்த் திருவிழாவை நோக்கிப் பிளாஷ் அடிக்கும் எம் ஊரவரை நினைத்துக்கொண்டோம். முன்னால் நிற்பவரின் முதுகுதான் அவர்களுக்குக் கிடைக்கும் தரிசனம்.

தம்புள்ளையை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. கண்டி வீதி வழியே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வந்திருந்தோம். மலைப்படிகளிலே அன்னையார் பத்துப் படிக்கு ஒருமுறை நின்று நின்றுதான் ஏறினார். ஏறிய இடமெல்லாம் குரங்குகள் எம் பைகளை ஆராய்ந்தன. மேலே நின்று நோக்கினால் வடகிழக்கே பசுங்காட்டின் நடுவே சீகிரியாக் குன்று தலை தூக்கி நிற்கும் காட்சி தெரிகிறது. அதனைப் பார்த்தபடியே அன்னையார் இளைப்பாறினார். செருப்பைக் களைந்து பாறைமீது கால் வைத்ததும் சூடு உச்சிக்கு ஏறிற்று. குகைவாயிலைக் கடந்தவுடன் அச்சூடும் ஒளியும் ஒருசேர நின்றுபோயின.

கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே வலகம்பா மன்னன் காலத்திலிருந்து வழிபாட்டிலே இருக்கும் தலம் இது. குகைகள் ஐந்து. முதற் குகையிலே பாறையோடு பாறையாகச் செதுக்கப்பட்ட, 14 மீற்றர் நீளமான பள்ளிகொண்ட புத்தர் சிலை. இரண்டாவது குகைதான் யாவற்றினும் பெரியது. ஏறத்தாழ 52 மீற்றர் நீளமும் 23 மீற்றர் ஆழமும் உடையது. மேடும் பள்ளமுமான பாறைக் கூரை முழுவதிலும் துணி விரித்தாற்போல ஓவியங்கள். கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் நீரை ஒரு பாத்திரத்தில் ஏந்தி வைத்துள்ளனர். புத்தர் சிலைகளுடன் விஷ்ணுவும் சமனும் நிற்கக் கண்டு அன்னையார் கைகூப்பினார்.

இருளுக்குக் கண் பழகச் சில நிமிடம் சென்றது. முதலிற் சிவப்பு தெரிந்தது, பின்பு மஞ்சள், அதன் பின்பே முகங்கள். மகள் கமராவை எடுத்தபோது காவலர் விரலை உயர்த்தி இல்லையென்று அசைத்தார். படம் எடுக்கலாம், மின்னொளி ஆகாது என்பது அச்சைகையின் பொருள். கோடு கீறிய மின்னற் குறியை மகள் தேடிப் பிடித்தாள்.

ஏன் ஆகாது? ஓவியத்தின் வண்ணம் கெடும் என்பது வழக்கமான விடை. நண்பரைக் கேட்டோம். ஒரு மின்னல் ஆயிரத்திலொரு செக்கனுக்குள் முடிந்துவிடும். அது தனியே செய்யும் கேடு மிக அற்பம். எத்துணை மின்னல்கள் கூடினால் எத்துணைக் கேடு விளையும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றார். "ஆனால் அந்தக் கிழவியைப் பாருங்கள்" என்று மெல்லச் சுட்டினார். வெள்ளைச் சேலை உடுத்த சிங்கள மூதாட்டி ஒருவர் தாமரைப் பூவைப் படைத்துவிட்டுக் கண்மூடி அமர்ந்திருந்தார். அவரருகே குழந்தை ஒன்று. பத்துப் பேர் பத்து மின்னலைப் பாய்ச்சினால் அவரது வழிபாடு என்னாவது? வண்ணத்தைப் பற்றிய வாதம் எப்படி முடிந்தாலும் விதி சரியானதே என்று எமக்குத் தோன்றியது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதும் அங்கே பெருங் குற்றம். அறியாத பயணிகள் அதனால் இடர்ப்பட்டதுண்டு.

மின்னொளி இன்றி இருளிலே படம் எடுப்பது எங்ஙனம்? ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்ச்சி எண்ணை 1600 ஆக உயர்த்தச் சொன்னார் நண்பர். படத்திலே மணல் தூவினாற்போலச் சிறு புள்ளிகள் தோன்றும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தது கை நடுக்கம். கமராவின் வாயில் 1/15 செக்கன் திறந்திருக்குமாயின் மூச்சு விடுவதே படத்தைக் குலைத்துவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, பொத்தானைக் குத்தாமல் மெல்ல அழுத்த வேண்டும். ஒன்றுக்கு மூன்றாக எடுத்தால் ஒன்றாவது தெளிவாக விழும். மகள் அவ்வாறே செய்தாள். கைகூப்பி நின்ற அப்பம்மாவைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த மூன்றில் இரண்டு கலங்கின, ஒன்று தேறியது. வாயில் வழியே வந்த ஒளி நெற்றித் திருநீற்றிலும் மூக்கு நுனியிலும் மட்டும் பட்டிருந்தது. கூரையின் சிவப்பு நாம் கண்ட சிவப்பாகவே இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மின்னொளிப் படமொன்று எடுக்கவேண்டும் என்று மகன் அடம்பிடித்தான். காவலரின் விரலை நினைவூட்டி அவனை வெளியே அழைத்து வந்தோம்.

அன்றிரவு பொலநறுவையிலே தங்கினோம். மறுநாட் காலை வாடகைச் சைக்கிளில் வெளிநாட்டார் கூட்டங் கூட்டமாகச் செல்வதைப் பார்த்தபடி வானிலேயே சுற்றினோம். சோழர் அநுராதபுரத்தை விட்டு இங்கே ஆட்சி நடத்தியதும், 1017 இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டதும், 1070 இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றியதும் மாணவர் அறிந்த வரலாறே. பிள்ளைகளோ கல்விகாரையின் முன்னால் வரலாற்றை மறந்து வாய்பிளந்து நின்றார்கள். ஒரே பாறை முகத்திலே செதுக்கிய புத்தர் சிலைகள். பள்ளிகொண்டவர் 14 மீற்றர், நிற்பவர் 7 மீற்றர். பராக்கிரமபாகுவின் காலத்துப் படைப்பு. மேலே வெயில் மழை படாதிருக்க அண்மைக் காலத்திலே கூரை வேய்ந்திருக்கிறார்கள். கூரை நிழலிலே நின்ற சிலையை நோக்கி எவரோ மின்னொளி பாய்ச்சினார். கல் அசையவுமில்லை, ஒளிரவுமில்லை. நண்பர் எம்மைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். முதல்நாட் கணக்கு எமக்கு மனப்பாடமாகியிருந்தது.

உச்சி வேளையிலே நாற்கோணச் சதுக்கம் எனப்படும் தளதா மளுவைக்கு வந்தோம். வட்டதாகேயின் படியிலே அன்னையாரையும் மகளையும் நிறுத்திப் படம் எடுத்தோம். 'இவ்வளவு வெயிலிலே விளக்குக்கு என்ன வேலை' என்று 'ஓட்டோ'வில் விட்டிருந்தோம். கமராவும் எம்மைப் போலவே எண்ணியது, மின்னவில்லை. திரையைப் பார்த்தால் கல்லெல்லாம் பளபளக்கிறது, வானம் வெளுத்திருக்கிறது, அன்னையாரின் கண்கள் இருந்த இடத்திலே இரண்டு கருங்குழிகள். நேர் உச்சியிலிருந்து விழும் வெயில் புருவத்தின் நிழலைக் கண்மேலும் மூக்கின் நிழலை வாய்மேலும் வீழ்த்திவிடுகிறது. கண்ணால் பார்க்கும்போது இது தோன்றாது. மூளை தானே நிரப்பிக்கொள்ளும். கமராவுக்கு அந்தத் தயவு கிடையாது.

"இப்போதுதான் விளக்கை ஏற்றவேண்டும் மாஸ்ரர்" என்றார் நண்பர். இரண்டாவது குறியை வைத்து, இரண்டு மீற்றர் தூரத்திலே நின்று, மீண்டும் எடுத்தோம். வெயிலிலே அந்த மின்னல் மின்னியதே எவருக்கும் தெரியவில்லை. படத்திலோ கண் திறந்தது. அன்னையாரின் முகத்துச் சுருக்கங்களும், கண்ணோரத்து மச்சமும், சிரிப்பை அடக்கும் உதடும் தெரிந்தன. வெயில் குறையவில்லை, நிழலின் கருமைதான் குறைந்தது. குகையின் இருட்டிலே மின்னத் துடித்த அதே 'ஓட்டோ', உச்சி வெயிலிலே உறங்கிவிட்டது. நேற்று அது செய்ய நினைத்ததும் பிழை. இன்று செய்யாது விட்டதும் பிழை. ஒளியின் அளவைத்தான் அது அளக்கிறது. யாருடைய முகம், எங்கே நிழல், அருகே யார் கண்மூடி இருக்கிறார் என்பவற்றை அளக்கும் கருவி அதனுள் இல்லை.

கற்றுக்கொண்டோம் என்ற களிப்பிலே ஒரு பெரும் பிழை செய்தோம். அது நேர்ந்தது இரண்டாஞ் சிவாலயத்திலே.

பொலநறுவையில் இன்றும் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழமையானது அது. முழுவதும் கல்லாலான சிறு கோயில். சிகரமும் கல்லே, இன்றும் குலையாது நிற்கிறது. கல்வெட்டுகள் அதனை வானவன்மாதேவி ஈச்சரம் என்கின்றன. முதலாம் இராஜராஜனின் தேவியும் இராஜேந்திரனின் தாயுமான வானவன்மாதேவியின் பெயரால் எழுந்த தளி. தொல்பொருட் சின்னமாயினும் வழிபாடு அற்றுப்போகவில்லை. மூலத்தானத்திலே இலிங்கம் இருக்கிறது. வருபவர் பூ வைக்கிறார்கள், விளக்கேற்றுகிறார்கள். அன்னையார் வீட்டிலிருந்தே ஒரு சிறு போத்தலில் நல்லெண்ணெயும் திரியும் கொண்டு வந்திருந்தார். மகனுடைய கையைப் பிடித்துக் குனிந்து உள்ளே போனார்.

உள்ளே கும்மிருட்டு. அன்னையார் அகல் விளக்கை ஏற்றிக் கற்பூரமும் கொளுத்தினார். சுடர் எழுந்து நின்று, பின்பு அடங்கி, அமைதியாக எரியத் தொடங்கியது. தேவாரம் ஒன்றைத் தாழ்ந்த குரலிலே பாடத் தொடங்கினார். தந்தையார் போனபின் அவர் வாய்விட்டுப் பாடி நாம் கேட்டதில்லை. கமராவை உயர்த்திப் பொத்தானை அழுத்தினோம். வட்டதாகேயிலே வைத்த இரண்டாவது குறி மாற்றப்படாமலே இருந்தது. கமராவை ஒருமுறை பார்த்திருந்தால் கண்டிருப்போம், பார்க்கவில்லை.

மின்னல் அந்தச் சிறு கல்லறை முழுவதையும் அறைந்தது. அன்னையார் திடுக்கிட்டுக் கையால் கண்ணை மறைத்தார். பாடல் நின்றது. இரண்டு மாதங்களின் முன்தான் அவருக்குக் கண்ணிலே சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள்; திடீர் ஒளி அவருக்கு ஆகாது. மகன் எம்மைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத விரும்பவில்லை.

திரையிலே வந்த படமும் பார்க்கத்தக்கதாய் இல்லை. சுவர் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்திருந்தது. கற்பூரப் புகையும் தூசியும் மின்னொளி பட்டு வெண்ணிற உருண்டைகளாய் மிதந்தன. (இத்தகைய உருண்டைகளைத் தெய்வீக ஒளி என்று காட்டித் திரிவோர் உண்டு. கமராவுக்கு மிக அருகே பறக்கும் தூசி அது என்று நண்பர் பின்னர் விளக்கினார்.) அன்னையார் எமது கையிலிருந்து கமராவை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இதிலை விளக்கு எரியேல்லையே" என்றார்.

உண்மைதான். சுடர் இருந்தது; ஆனால் அதன் ஒளி எதன்மேலும் விழவில்லை. எமது விளக்கு அவரது விளக்கை அணைத்துவிட்டது. ஆயிரத்திலொரு செக்கன் எரிந்த ஒளி, அவர் யாழ்ப்பாணத்திலிருந்து சுமந்து வந்த எண்ணெயை இல்லையென்று ஆக்கிவிட்டது.

மன்னிப்புக் கேட்டோம். "சரி சரி, இன்னொருக்கால் எடு. உந்த மின்னலை என்ரை கண்ணுக்குள்ளை அடிக்காதை" என்று சொல்லி மீண்டும் விளக்கின் முன் அமர்ந்தார். இம்முறை மூன்றாவது குறியை வைத்து, வைத்தோமா என்று இரண்டு முறை பார்த்து, வாயில் நிலைக்கல்லிலே தோளைச் சாய்த்துக் கமராவைப் பிடித்தோம். உடனே எடுக்கவில்லை. அவர் எம்மை மறக்கட்டும் என்று காத்திருந்தோம். பாடல் மறுபடி எழுந்தது. முன்னிலும் தாழ்வாக, தனக்கே சொல்வதுபோல. நாலு படங்கள் எடுத்தோம். வெளியே வந்து முற்றத்துக் கல் நந்தியின் அருகே நின்று பார்த்தபோது மூன்று கலங்கியிருந்தன. நாலாவதும் முற்றத் தெளிவானதன்று; கூப்பிய கை சற்று அசைந்திருந்தது. ஆனால் முகம் இருந்தது. கீழிருந்து எழும் மஞ்சள் ஒளியிலே கன்னமும் இமையும் நரைமயிரும் பொன்னாய்த் தெரிய, பின்னால் இருள் இருளாகவே நின்றது.

மாலையிலே பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டுக்குப் போனோம். கடலென்று பெயர் வைத்தது மிகையன்று. சூரியன் நீருக்கு அப்பால் இறங்கிக்கொண்டிருந்தது. அறுவரும் சேர்ந்து ஒரு படமேனும் வேண்டும் என்றார் மனைவியார். பின்னணியிலே செவ்வானம், முன்னணியிலே நாங்கள். விளக்கின்றி எடுத்தால் நாங்கள் கரிய நிழல்களாவோம். வெறும் மின்னலால் எடுத்தால் எங்கள் பின்னே வானம் கரித்துணியாகும். ஐந்தாவது குறியின் நேரம் வந்தது என்றார் நண்பர். கமராவை அணைக்கட்டின் ஒரு கல்லின்மேல் நிறுத்தி, பத்துச் செக்கன் பொறுத்துத் தானே எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிவந்து நின்றார். மின்னல் எங்களைப் பிடிக்கும். தொடர்ந்து அரைச் செக்கன் திறந்திருக்கும் வாயில் வானத்தைப் பிடிக்கும். ஆகையால் மின்னியபின்னும் அசையக்கூடாது என்பது கட்டளை. அன்னையாரை மின்னலை நேரே பாராது நீரைப் பார்க்கச் சொன்னோம். மின்னியது, மகன் உடனே பாய்ந்தான். படத்திலே அவனுக்கு மட்டும் இரண்டு தலை. இரண்டாம் முறையிலே எல்லாம் ஒழுங்காக வந்தது. ஆனால் மகனுடைய கண்கள் முயலின் கண்போலச் சிவந்திருந்தன. இருளிலே கண்மணி அகலத் திறந்திருக்கும்; லென்சுக்கு அருகிலுள்ள விளக்கின் ஒளி நேரே உட்புகுந்து, கண்ணின் பின்திரையிலுள்ள இரத்த நாளங்களிற் பட்டு, வந்த வழியே சிவந்து திரும்பும். கண் வரைந்த குறியோ, முதலில் ஒரு முன்னொளியைக் காட்டிக் கண்மணியைச் சுருங்கச் செய்து, ஒரு கணம் கழித்துப் படத்தை எடுக்கும். முன்னொளியைக் கண்டதும் படம் முடிந்ததென்று ஓடும் மகன் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது என்று கைவிட்டோம். சிவந்த கண்ணை மகள் பின்னர் கணினியிலே திருத்திவிட்டாள்.

ஊர் திரும்பிய மறுவாரம் படங்களை அச்சிடக் கடைக்குக் கொண்டு சென்றோம். எதைப் பெரிதாக்குவது என்று அன்னையாரிடமே கேட்டோம். வட்டதாகேயிலே எடுத்தது எமது தெரிவு. கண்ணும் வாயும் அத்தனை தெளிவு. பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் அடையாளம் காண்பார்கள். அன்னையார் அதனைக் கையிலெடுத்து நன்றாய் இருக்கிறது என்றார். பின்பு கலங்கிய கையோடு கூடிய விளக்குப் படத்தை எடுத்து, "இதைப் போடு" என்றார். மகள் மெல்ல, "அப்பம்மா, இது கொஞ்சம் இருட்டு" என்றாள். "அது கோயில் இருட்டு பிள்ளை. இருக்கட்டும்" என்று விடை வந்தது.

கடைக்காரர் திரையிலே அதைப் பார்த்ததும், முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரட்டுமா என்று அன்போடு கேட்டார். வேண்டாம் என்றோம். மற்றப் படத்தையும் சிறிதாக அச்சிட்டு வாங்கினோம். பிள்ளைகளின் புத்தகத்துக்குள் அது இருக்கிறது. விளக்குப் படம் தந்தையாரின் படத்துக்கு இடப்பக்கம் தொங்குகிறது. மாட்டிய அன்று அன்னையார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தந்தையாரின் முகம் எப்படி இருந்ததென்று மகளுக்குச் சொல்லத் தொடங்கினார். மூக்கு யாருடையது, நெற்றியிலே காயத் தழும்பு எப்பக்கம், சிரித்தால் எந்தக் கன்னத்திலே குழி விழும் என்றெல்லாம். மகள் ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டாள். அடுத்த விடுமுறைக்குத் திருக்கோணேச்சரம் போகவேண்டுமாம்; எண்ணெய்ப் போத்தல் இப்போதே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.